மாட்டு வண்டிக்காரரும் பாம்புப் பொத்தானும்

"அக்கா, இந்தப் பொத்தானை அமுக்கினால்தான் வண்டி வண்டியாக இருக்கும். இல்லாவிட்டால் பள்ளிக்கூட வாத்தியாரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி!" என்றான் என் சித்தப்பா பிள்ளை.

சென்ற ஐப்பசியில் ஒரு சீமந்தத்துக்குப் போய்க் கொண்டிருந்தோம். வாலாஜாபாத்தைத் தாண்டி, பாலாற்றையும் தாண்டி, உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு கிராமம். தம்பி புதிதாக வாங்கிய கார், பார்ப்பதற்குப் பாயப் போகும் சிறுத்தை மாதிரி இருக்கும். பின் ஸீட்டில் அத்தை, மடியில் முறுக்கு டின்.

வாலாஜாபாத், நவாப் முகமது அலி வாலாஜாவின் பெயரைத் தாங்கிய ஊர். ஒரு காலத்தில் கும்பெனிப் பட்டாளம் அங்கே பாளையம் போட்டிருந்தது. இன்றைக்கு அந்தப் பக்கம் அணிவகுத்துப் போகிறவை ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிய லாரிகள்தான். போகிற போக்கில் ரோடெல்லாம் கொஞ்சம் தூவிவிட்டுப் போகின்றன. அன்று தூறல் வேறு.

வலப்பக்கம் வளையும் ஒரு திருப்பத்தில் தம்பி ஆக்ஸிலேட்டரை மிதித்தான். காரின் வால் இடது பக்கம் விலகியது. அடுத்த கணம் எங்களுக்கு முன்னால் ரோடு இல்லை, வயல் இருந்தது. அப்புறம் வந்த வழியே தெரிந்தது! வரப்பு ஓரத்தில் வாலாஜாபாத்தைப் பார்த்தபடி கார் நின்றது. எதிரே லாரி வரவில்லை. அதனால்தான் இந்த வாரம் உங்களுக்கு எழுதிக் கொண்டிருக்கிறேன். முறுக்கு மட்டும் தூளாகிவிட்டது.

அந்தப் பொத்தான் என்னவென்று பிறகுதான் விசாரித்தேன். ஒரு சின்னக் கார் படம், அதன் பின்னால் பாம்பு நெளிந்தது போல் இரண்டு கோடு. உங்கள் வீட்டுக் காரிலும் இருக்கலாம், பாருங்கள். எலெக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் என்று பெயர். பெயர்தான் நீளம், சங்கதி மாட்டு வண்டிக்காரருக்குத் தெரிந்ததுதான். வண்டி இடது பக்கம் திரும்ப வேண்டுமென்றால் அவர் என்ன செய்கிறார்? இடது மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுக்கிறார். அது தயங்குகிறது, வலது மாடு முன்னே எட்டு வைக்கிறது, வண்டி திரும்புகிறது.

இந்தச் சாதனமும் அப்படியே ஒற்றைச் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் போடுகிறது. ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பியிருக்கிறோம், கார் உண்மையில் எவ்வளவு திரும்புகிறது என்று வினாடிக்கு 25 தடவை ஒப்பிட்டுப் பார்க்கிறது. எங்கள் கதையில் கார் கேட்டதற்கு மேல் திரும்பிவிட்டது. சாதனம் விழித்திருந்தால் இடது முன் சக்கரத்தைப் பிடித்து, எஞ்சினையும் அடக்கி, வாலை வழிக்குக் கொண்டுவரப் பார்த்திருக்கும். திரும்பாமல் நேரே ஓடப் பார்க்கிற கார் என்றால் உட்பக்கத்துப் பின் சக்கரத்தைப் பிடிக்கும்.

ஆனால் ஒன்று. டயருக்கு இல்லாத பிடிப்பை இது உண்டாக்கித் தருவதில்லை. 100 மீட்டர் ஆரமுள்ள வளைவில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், காரின் எடையில் கால் பங்குக்குச் சற்று அதிகமான விசையை டயர்கள் பக்கவாட்டில் தாங்க வேண்டும். 80-ல் பாதி எடை. 100-ல் முக்கால் பங்குக்கும் மேல். காய்ந்த தார் ரோடு தாங்கலாம். ஈரத்தில் மணலும் சேர்ந்தால் எந்தச் சாதனமும் கைவிரித்துவிடும்.

பாஷ் கம்பெனியில் ஆன்டன் வான் ஸான்டன் என்பவரின் தலைமையில் உருவான சாதனம் இது. 1995-ல் மெர்ஸிடிஸின் விலை உயர்ந்த காரில் முதலில் வந்தது. ஏழை பாழைக்கு வந்த கதைதான் வேடிக்கை. ஸ்வீடனில் ரோட்டின் குறுக்கே 'மூஸ்' என்ற பெரிய காட்டுமான் வருமாம் (நமக்கு எருமை மாதிரி). அதை விலக்கி ஓட்டுவது போன்ற சோதனையில் 1997-ல் மெர்ஸிடிஸின் சின்ன 'ஏ-கிளாஸ்' கார் குப்புறக் கவிழ்ந்தது. மானம் போயிற்று! கம்பெனி எல்லா ஏ-கிளாஸ் கார்களிலும் இதைப் பொருத்திக் கொடுத்தது. தனிக் கார் தானே விபத்துக்குள்ளாவதை இது 34 சதவிகிதம் குறைக்கும் என்று அமெரிக்க அரசாங்கம் 2007-ல் மதிப்பிட்டது. நம் நாட்டில் 2023-ல் தொடங்கிய பாரத் என்-காப் சோதனையில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க வேண்டுமானால் இது இருந்தே தீர வேண்டும்.

அப்படியானால் அணைக்கும் பொத்தான் எதற்கு? தம்பி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். செங்கற்பட்டை அடுத்த மகிந்திரா வேர்ல்ட் ஸிடி தொழிற்சாலையில் பூட்டி, 2021-ல் விற்பனைக்கு வந்தது பி.எம்.டபிள்யூ. எம்340ஐ. அதில் 387 குதிரை சக்தி. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை எட்ட 4.4 வினாடி போதும். இருங்காட்டுக்கோட்டைப் பந்தய மைதானத்தில் இப்படிப்பட்ட காரை ஓட்டும் கைதேர்ந்தவர் வாலைக் கொஞ்சம் வேண்டுமென்றே விலகவிட்டுத் திரும்புவார். சாதனம் அதைத் தவறென்று எண்ணி எஞ்சினை அடக்கிவிடும், நேரம் வீணாகும். சுற்றுக்குச் சுற்று பிரேக்கைப் பிடித்தால் பிரேக்கும் சூடேறும். ஆகையால் பல வேகக் கார்களில் நடுத்தர நிலை ஒன்று வைத்திருக்கிறார்கள்: கொஞ்சம் வழுக்க விட்டு, எல்லை மீறினால் மட்டும் கையைப் பிடிக்கும்.

மைதானத்தில் எம்-சாண்ட் லாரி ஏது, எதிரே வரும் பஸ் ஏது? இவ்வளவு குதிரைகளைச் சாதாரண மனிதர் கையில் ஒப்படைக்கக் கம்பெனிக்குத் தைரியம் வந்ததே இந்த வாத்தியாரை நம்பித்தான் என்பது என் அபிப்பிராயம். தம்பி ஒப்புக்கொள்ளவில்லை. "டயர் தேய்ந்திருந்தது" என்கிறான். தேய்ந்த டயரோடு இருந்தால் வாத்தியாரையும் வெளியே அனுப்புவானேன் என்று கேட்டேன். பதில் இல்லை.

அடையாளம் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது அந்தப் பாம்பு விளக்கு சிமிட்டினால் சாதனம் வேலை செய்கிறது என்று அர்த்தம், வேகத்தைக் குறையுங்கள். 'ஆஃப்' என்ற எழுத்தோடு அணையாமல் எரிந்தால் யாரோ அமுக்கியிருக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் எஞ்சினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் தானாகவே விழித்துக்கொள்ளும்.

அத்தை இப்போதெல்லாம் முன் ஸீட்டில்தான் உட்காருகிறாள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "பாம்பு எரிகிறதாடா?" என்று கேட்ட பிறகே பெல்ட்டைப் போடுகிறாள்.