உங்க காசுக்கு ஹெச்பிஏ1சி எவ்வளவு? (நீண்ட த்ரெட்)

நேற்று ஓபி-யில் ஒரு அண்ணாச்சி. வயது 58. ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. பத்து வருஷமா சுகர்.

மாத்திரை வாங்க வரும்போதெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டும் கூடவே வரும். தேதி, வெறும் வயிற்றுச் சுகர், சாப்பிட்ட பின் சுகர், பிபி எல்லாம் அதில் இருக்கும். "நோட்டு இல்லைன்னா நாம சும்மா நம்பிட்டு இருப்போம் டாக்டரே" என்பார்.

நேற்று சிரித்துக்கொண்டே கேட்டார்: "நீங்க உங்க காசுக்கு இப்படி நோட்டு போடுவியளா?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் எனக்குப் பதில் இருந்திருக்காது. அதனால்தான் இந்தப் பதிவு.

1/
வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு எண்டோமென்ட் பாலிசி எடுத்தேன். வருஷம் 50,000 வீதம் 20 வருஷம் கட்டணும். கடைசியில் சுமார் 17 லட்சத்து 36 ஆயிரம் வரும். "10 லட்சம் கட்டுறீங்க, 17 லட்சத்துக்கு மேல வாங்குறீங்க சார்" என்றார்கள். கையெழுத்துப் போட்டுட்டேன்.

ஆறு தவணை கட்டிய பிறகுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டரில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 5 சதவீதம். அவ்வளவுதான்.

அதே 50,000-ஐ 7.1 சதவீதம் தரும் ஒன்றில் (இன்றைய பிபிஎஃப் வட்டி அது) 20 வருஷம் போட்டால் 22 லட்சம் தாண்டும். கிட்டத்தட்ட 5 லட்சம் வித்தியாசம். யாரும் என்னிடம் பொய் சொல்லவில்லை. நான்தான் அளந்து பார்க்கவில்லை.

2/
எப்படி அளப்பது?

காலையில் ஒரு தடவை பார்க்கும் சுகர், அந்த நேரத்துச் சுகர் மட்டும்தான். ஹெச்பிஏ1சி சுமார் மூன்று மாதச் சராசரியைச் சொல்லும். பணத்துக்கு அந்த வேலையைச் செய்வது எக்ஸ்ஐஆர்ஆர்.

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் இந்த ஃபங்ஷன் இருக்கு. ஒரு காலத்தில் தேதி, அடுத்ததில் தொகை. நீங்க கட்டியதை மைனஸில் போடுங்க. கடைசி வரியில் இன்றைய மதிப்பை ப்ளஸில் போடுங்க. வருஷத்துக்கு எத்தனை சதவீதம் வளர்ந்திருக்குன்னு சொல்லிடும். எந்த மாசம் எவ்வளவு போட்டீங்க என்பதையும் சேர்த்தே கணக்கிடும்.

மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பவர்கள் தேடி அலைய வேண்டாம். கேம்ஸ் அல்லது கேஃபின்டெக் தளத்தில் உங்க பேனும் மெயில் ஐடியும் கொடுத்தால் எல்லா ஃபண்டுக்கும் சேர்த்து ஒரே ஸ்டேட்மென்ட் மெயிலில் வரும். காசு கிடையாது.

3/
அடுத்தது கட்டணம். இதுதான் வலிக்காத நோய்.

ஃபண்டின் செலவு விகிதம் உங்க பேங்க் பாஸ்புக்கில் வராது. தினமும் என்ஏவி-யில் கழித்த பிறகுதான் உங்க கண்ணுக்கே காட்டுவார்கள். ரத்தக்கொதிப்பு மாதிரி, அறிகுறியே இருக்காது.

2013 ஜனவரி முதல் எல்லா ஃபண்டிலும் டைரக்ட், ரெகுலர் என்று இரண்டு வகை உண்டு. ரெகுலரில் விற்பவருக்குக் கமிஷன் போகும். வித்தியாசம் 1 சதவீதம்னு வைத்துக்கொள்வோம். மாதம் 10,000 வீதம் 25 வருஷம் எஸ்ஐபி. 12 சதவீதம் வளர்ந்தால் சுமார் 1 கோடியே 90 லட்சம். 11 சதவீதம் என்றால் சுமார் 1 கோடியே 59 லட்சம். அந்த ஒரு சதவீதத்தின் விலை 30 லட்சத்துக்கு மேல்.

கமிஷன் வாங்குவது தப்பில்லை. பயந்து விற்கப் போகும்போது கையைப் பிடித்து நிறுத்துகிற ஒரு நல்ல ஆலோசகருக்கு அது தகும். எவ்வளவு கொடுக்கிறோம்னு தெரிந்து கொடுங்க, அவ்வளவுதான்.

4/
ரிஸ்க். இதை நம்ம ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 2011-ல் கிலோ 200-ஐத் தாண்டிய ரப்பர், 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே வந்ததைப் பார்த்தவர்கள் நாம்.

சென்செக்ஸும் அப்படித்தான். 2008 ஜனவரியில் 21,000-க்கு மேல். அதே அக்டோபரில் 8,000-க்கும் கீழே. 50 சதவீதம் இறங்கினால், பழைய இடத்துக்கு வர 100 சதவீதம் ஏறணும்.

அதனால் உங்க ஷீட்டில் இன்னொரு காலம் வையுங்க: "இது பாதியானால் எனக்கு என்ன ஆகும்?" மகள் கல்யாணம் தள்ளிப்போகும் என்றால் அந்தப் பணம் அங்கே இருக்கக் கூடாது.

5/
இப்போது முக்கியமான விஷயம். எந்த சாஃப்ட்வேரும் ஏமாற்றைக் கண்டுபிடிக்காது.

2017-ல் நம்ம மாவட்ட எல்லையில், மத்தம்பாலையில் நிர்மல் கிருஷ்ணா நிதி நிறுவனம் மூடப்பட்டது. இரண்டு மாநிலத்திலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றன. அதற்கு முந்தின மாதம் யாராவது அந்த டெபாசிட்டை ஒரு ஆப்பில் ஏற்றிப் பார்த்திருந்தால் என்ன காட்டியிருக்கும்? அழகான பச்சை நிறம். நாம் கொடுக்கிற எண்ணைத்தான் அது திருப்பிக் காட்டும்.

ஆகவே முதல் காலம் வருமானம் இல்லை. "இதைக் கண்காணிப்பது யார்?" என்பதுதான். ரிசர்வ் வங்கியா, செபியா, ஐஆர்டிஏஐயா? "தெரிந்த ஆள்தான்" என்று எழுத வேண்டி வந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசியுங்க.

6/
"டாக்டர், அதற்குத்தான் ஆப் இருக்கே?"

இருக்கு, வசதிதான். ஆனால் இலவச ஆப் எதில் சம்பாதிக்குதுன்னு பாருங்க. உங்க எஸ்எம்எஸ் முழுவதையும் படிக்க அனுமதி கேட்டால் கொடுக்கும் முன் ஒரு தடவை யோசிங்க. ஒரு நாளைக்குப் பத்து தடவை திறந்து பார்ப்பவர் பத்து தடவை பயப்படுவார், ஒரு தடவை தப்பாக விற்பார். சுகரை மணிக்கொரு தடவை குத்திப் பார்த்தால் விரல்தான் புண்ணாகும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போதும்.

7/
நான் என்ன செய்தேன்? அந்த பாலிசியை பெய்ட்-அப் ஆக மாற்றினேன். குடும்பத்துக்குத் தனியாக டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுத்தேன். சிபிஎஸ் பிடித்தம் முதல் நகைக்கடை சீட்டு வரை எல்லாம் ஒரே ஷீட்டில் இருக்கு. அது என் மனைவிக்கும் தெரியும். நாளைக்கு நான் இல்லாவிட்டால் எது எங்கே இருக்குன்னு அவங்க யாரையும் கேட்டு நிற்க வேண்டியதில்லை. உண்மையில் எனக்குப் பெரிய லாபம் அதுதான்.

நான் செபி பதிவு பெற்ற ஆலோசகர் இல்லை, ஒரு சாதாரண எம்பிபிஎஸ். எதை வாங்கணும்னு சொல்ல மாட்டேன். அளந்து பாருங்கன்னு மட்டும் சொல்வேன்.

அண்ணாச்சியிடம் நேற்று, "போடுறேன் அண்ணாச்சி, ரெண்டு வருஷமா" என்றேன். "அப்போ சரி" என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. உங்க நோட்டையும் ஆரம்பிச்சிடுங்க.