கணவாய் நரம்பும் கணினி இதயமும்

"கணினிக்குள் இதயத்தை வரைவது பணக்கார நாட்டு வேலை, புத்தளக் கரைக்கு அது எதற்கு?" என்று கேட்கிறார் நண்பர். உடப்புக் கரையில் வலையை உதறும்போது மணலில் வழுக்கி விழுகிற கணவாயிலிருந்தே பதிலைத் தொடங்குகிறேன். கணவாய் வகையொன்றின் தடித்த நரம்பிழையில் மின்சாரத்தை அளந்துதான் 1952இல் உடலியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்புத் துடிப்புக்கான சமன்பாடுகளை எழுதினார்கள். அவற்றை இதயத்துக்கு ஏற்ப மாற்றி, 1960இல் கணினியில் துடிக்க வைத்தார் டெனிஸ் நோபிள்.

தெரிந்ததைத்தான் கணினி திருப்பிச் சொல்லும் என்பது நண்பருடைய அடுத்த வாதம். அது தவறு. இதயத் தசையில் மின்சாரம் நார் ஓடும் திசையில் எளிதாகவும் குறுக்கே சிரமப்பட்டும் பாயும். கலங்களுக்கு உள்ளேயும் வெளியேயும் இந்த வேறுபாடு ஒரே அளவில் இல்லை. இதைக் கணக்கில் சேர்த்த ஆய்வாளர்கள் செபுல்வேடா, ரோத், விக்ஸ்வோ மூவரும், தசையில் வைக்கும் எதிர்மின்முனையின் கீழே தூண்டப்படும் பகுதி நாய் கடிக்கும் எலும்பின் வடிவில் இருக்கும், அதன் இரு பக்கமும் நேர் எதிரான விளைவு தோன்றும் என்று 1989இல் கணித்தார்கள். 1995இல் முயல் இதயத்தில் பார்த்தபோது அப்படியே இருந்தது.

நாளை கற்பிட்டியில் ஒருவருக்குப் பேஸ்மேக்கர் வைத்தால், அந்தக் கம்பி நுனியைச் சுற்றியுள்ள தசையும் இதே விதிக்குத்தான் கட்டுப்படும், நண்பரே.