'ஒரே பாட்டு' என்னும் கணக்கு

தொண்ணூறுகளின் இண்டிபாப் பாடல்கள் குறித்த ஏக்கம் இன்று சமூக ஊடகங்களில் ஒரு தனி மரபாகவே வளர்ந்துவிட்டது. பழைய காணொளியைப் பகிர்வோர் பலரும் 'ஒரே பாட்டோடு காணாமற்போனவர்கள்' என்றொரு வரியைச் சேர்த்துவிடுகின்றனர். அன்பினால் எழுதப்படும் வரிதான் அது. ஆயினும் அதிலுள்ள 'ஒரே' எதை எண்ணுகிறது, 'காணாமற்போன' என்பதன் எழுவாய் யார் என்று கேட்டால் அவ்வரி நிற்பதில்லை.

சான்றாக, டெல்லியின் சில்க் ரூட் குழு. 1998இல் வெளியான 'டூபா டூபா'வே அக்குழுவின் ஒரே அடையாளமாக நினைவில் நிற்கிறது. அதே குழு 2000இல் 'பெஹ்சான்' என்னும் இரண்டாம் தொகுப்பையும் வெளியிட்டது. ஏக்கத்தின் கணக்கில் அது வரவில்லை. குழுவின் பாடகர் மோஹித் சௌஹானோ 'ஜப் வி மெட்' (2007), 'ராக்ஸ்டார்' (2011) முதலிய படங்களின் வழியே நாடறிந்த குரலானார். 1999இன் 'அப் கே சாவன்' பாடலைப் பாடிய சுபா முத்கல், இந்துஸ்தானி இசையில் அதற்கு முன்பே பெயர்பெற்றவர். இசையமைத்த சாந்தனு மொய்த்ரா 'பரிணீதா'வுக்கும் (2005), எழுதிய பிரசூன் ஜோஷி 'ரங் தே பசந்தி'க்கும் (2006) சென்றனர். இவர்களுள் எவரும் காணாமற்போகவில்லை. அவர்கள் நின்று பாடிய களமே காணாமற்போயிற்று.

அக்களம் இரண்டு தூண்களின்மேல் நின்றது: தனிப்பாடலுக்குப் பணமிட்ட இசை நிறுவனங்கள், 1994இல் வந்த சேனல் வி, 1996இல் வந்த எம்டிவி இந்தியா போன்ற அலைவரிசைகள். திரைப்பாடலுக்குத் திரைப்படமே விளம்பரம். தனிப்பாடலுக்கோ காணொளிச் செலவையும் யாரேனும் ஏற்க வேண்டும். நிறுவனங்களும் அலைவரிசைகளும் திரையிசையின் பக்கம் திரும்பியதும், திரைக்குள் நுழைய வழி கிடைத்தோர் நிலைத்தனர். வழி கிடைக்காதோரை 'ஒரே பாட்டுக்காரர்' என்கிறோம். ஒரு சந்தையின் சரிவு இவ்வாறு தனிமனிதரின் திறன்வறட்சியாக மொழிபெயர்க்கப்படுகிறது.

மொழியியலில் இதற்கு ஒப்பான ஒரு நிகழ்வு உண்டு. பெரிய தரவகம் ஒன்றில் உள்ள வெவ்வேறு சொற்களில் ஏறத்தாழப் பாதி ஒருமுறையே வருவது வழக்கம். அத்தகைய சொல்லைத் தோற்றுப்போன சொல் என்று எவரும் கூறுவதில்லை. தரவகம் எவ்வாறு திரட்டப்பட்டது, எவை விடுபட்டன என்றே கேட்கின்றனர். இசைக்கு மட்டும் அக்கேள்வி எழாமற்போவது ஏன்?

ஏக்கம் குற்றமன்று, ஒரு பாடலை இருபத்தைந்து ஆண்டு உயிரோடு வைத்திருப்பது எளிய செயலும் அன்று. ஆனால் அது அந்த ஒரு பாடலோடு நின்றுவிடும்போது, மறுபக்கத்துப் பாடல்களும் இரண்டாம் தொகுப்புகளும் கேட்பாரின்றிப் போகின்றன. இந்திய வெகுசன இசை பற்றிய ஆய்வும் பெரும்பாலும் திரையிசை ஆய்வாகவே இருப்பதால், அவற்றைத் தேடும் கடமை யாருக்கும் உரியதாகவில்லை. ஒலிநாடாக்கள் நாளும் பழுதாகின்றன. அவற்றில் பாடியோர், வாசித்தோர், ஒலிப்பதிவு செய்தோர் பலர் இன்னும் பேசும் நிலையில் இருக்கின்றனர். அவர்களிடம் சென்று கேட்பதற்கான காலம் இதுவே. முதற்கேள்வி அந்தப் புகழ்பெற்ற பாடலைப் பற்றியதாக இராமல், அதற்கடுத்த பாடலைப் பற்றியதாக இருத்தல் நன்று.