சாகோஸுக்கு ஒரு நியாயம், நிகோபாருக்கு ஒரு நியாயமா?

இந்தியப் பெருங்கடலில் உள்ள சாகோஸ் தீவுக்கூட்டத்தைவிட்டு ஆறு மாதங்களுக்குள் பிரிட்டன் வெளியேற வேண்டும் என்று 2019 மே 22 அன்று ஐ.நா. பொதுச்சபை தீர்மானித்தது. ஆப்பிரிக்க நாடுகள் முன்னின்று கொண்டுவந்த அந்தத் தீர்மானத்தை 116 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தவை ஆறு மட்டுமே. இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது. அன்று இந்தியா எடுத்த நிலை சரியானது. அதே நிலையைத் தன் கிரேட் நிகோபார் தீவிலும் எடுக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

மொரீசியஸ் விடுதலை பெறுவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1965இல், சாகோஸ் தீவுகளைப் பிரிட்டன் தனியே பிரித்து எடுத்துக்கொண்டது. அவற்றுள் ஒன்றான டியேகோ கார்சியாவில் அமெரிக்கப் படைத்தளத்துக்கு இடம் தேவைப்பட்டது. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள் 1968 முதல் 1973 வரை படிப்படியாக வெளியேற்றப்பட்டார்கள். ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள் அவர்கள். தென்னிந்தியத் தொழிலாளர்களின் வாரிசுகளும் அவர்களிடையே உண்டு. அந்தத் தீவுகளில் நிரந்தரக் குடிகளே இல்லை, இருப்பவர்கள் ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் என்று உலகத்துக்குச் சொல்லப்பட்டது. வெளியேற்றத்தைவிடக் கொடியது இந்தப் பொய். 2019 பிப்ரவரி 25 அன்று சர்வதேச நீதிமன்றம் தன் கருத்துரையில், அந்தப் பிரிப்பு சட்டப்படி செல்லாது என்றது. அந்த வழக்கில் ஆப்பிரிக்க ஒன்றியமும் தன் வாதத்தை முன்வைத்திருந்தது.

இந்த வாதம் ஆப்பிரிக்காவிலிருந்து எழுந்தது தற்செயல் அல்ல. 1981இல் அந்தக் கண்டத்து நாடுகள் ஏற்றுக்கொண்ட சாசனத்தின் பெயரே ‘மனித உரிமைகள் மற்றும் மக்களினங்களின் உரிமைகள் சாசனம்’. தனிமனிதருக்கு உரிமை இருப்பதுபோல, ஓர் இனமாகச் சேர்ந்து வாழும் மக்களுக்கும் தங்கள் நிலத்தின்மீதும் வளத்தின்மீதும் உரிமை உண்டு என்பது அதன் அடிப்படை. காலனி ஆட்சியில் கண்டமே கூறுபோடப்பட்ட அனுபவத்திலிருந்து பிறந்த எண்ணம் அது. கென்யாவின் போகோரியா ஏரிக்கரையில் விலங்குக் காப்பகத்துக்காக எண்டொரோயிஸ் மக்கள் வெளியேற்றப்பட்ட வழக்கில், கலந்துபேசிச் சம்மதம் பெறாமல் செய்யும் வளர்ச்சி வளர்ச்சியே அல்ல என்ற பொருள்பட, அந்தச் சாசனத்தின்படி அமைந்த ஆப்பிரிக்க ஆணையம் முடிவு சொன்னது. மாவ் காட்டின் ஓகியெக் மக்கள் வழக்கில் ஆப்பிரிக்க நீதிமன்றம் 2017இல் கென்ய அரசு அவர்களின் உரிமைகளை மீறியது என்றது. அதற்குப் பிறகும், 2023 நவம்பரில், ஓகியெக் மக்களின் வீடுகள் இடிக்கப்பட்டன. ஆப்பிரிக்க அரசுகளும் தாங்கள் எழுதிய சாசனத்தை மீறுகின்றன. அதனால் அந்தச் சாசனத்தின் நியாயம் குறைந்துவிடாது.

இப்போது கிரேட் நிகோபாருக்கு வருவோம். துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், புதுநகரம் என்று 166 சதுர கிலோமீட்டரில் ஒரு பெருந்திட்டம். இதற்காகத் திருப்பிவிடப்படும் காடு 130 சதுர கிலோமீட்டருக்கும் மேல். 2011 கணக்கெடுப்பில் சுமார் 8,000 பேர் இருந்த தீவில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியேறலாம் என்பது திட்டமிடலின் கணக்கு. அதே கணக்கெடுப்பில், தீவின் காட்டுக்குள் ஒதுங்கி வாழும் பழங்குடியான ஷோம்பென் மக்கள் 229 பேர். வெளியிலிருந்து வரும் ஒரு சாதாரணக் காய்ச்சலே அவர்களுக்கு ஆபத்தாகலாம்.

தீவின் மற்றொரு பழங்குடியான நிகோபாரியர்களின் கதை இன்னும் நெருக்கமானது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலோரப் பூர்விக ஊர்களிலிருந்து காம்ப்பெல் விரிகுடா அருகே உள்ள குடியிருப்புகளுக்கு அவர்கள் மாற்றப்பட்டார்கள். தற்காலிகம் என்று நம்பிப் போனவர்கள், ஊர் திரும்ப வேண்டும் என்று இன்றும் கேட்கிறார்கள். ஆள் இல்லாத நிலம் என்று வரைபடத்தில் தெரியும் இடம் அவர்களுடைய ஊர். 2022 ஆகஸ்டில் பழங்குடியினர் கவுன்சில் ஆட்சேபமின்மைக் கடிதம் கொடுத்தது உண்மை. தங்கள் பூர்விக நிலமும் திட்டத்துக்குள் வருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது என்று கூறி, அதே ஆண்டு நவம்பரில் அந்தக் கடிதத்தைக் கவுன்சில் திரும்பப் பெற்றுக்கொண்டதும் உண்மை. முழு விவரம் தெரியாமல் கொடுத்ததைச் சம்மதம் என்று எப்படிச் சொல்வது?

மலாக்கா நீரிணையின் வாசலில் இருக்கும் தீவு இது. நாட்டின் பாதுகாப்பு முக்கியம் என்பார்கள். அதில் நமக்கு மாறுபாடு இல்லை. 2012 முதல் கடற்படையின் ‘பாஸ்’ தளம் காம்ப்பெல் விரிகுடாவில் இருக்கிறது. தேவையென்றால் அதை வலுப்படுத்தலாம். ஆனால் சரக்குப் பெட்டக முனையமும் சுற்றுலா நகரமும் பாதுகாப்பின் கணக்கில் எழுதப்படுவதை ஏற்க முடியாது. டியேகோ கார்சியாவிலும் பாதுகாப்பு என்ற சொல்தான் மக்களின் வாயை அடைத்தது.

நம்மைக் கேட்காமல் நம் தலைவிதியை எழுதும் ஒப்பந்தத்தின் வலி தமிழருக்குப் புதிதல்ல. 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையின் மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் லட்சக்கணக்கில் பங்கு போட்டது. அவர்களில் ஒருவரிடமும் கருத்துக் கேட்கப்படவில்லை. அப்படித் திரும்பிவந்த குடும்பங்களில் சில, இதே நிகோபார் தீவுக்கூட்டத்தின் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2025 மே மாதம் பிரிட்டனும் மொரீசியஸும் கையெழுத்திட்ட சாகோஸ் ஒப்பந்தத்திலும், தங்களை யாரும் கேட்கவில்லை என்று சாகோஸ் மக்கள் பலர் குமுறினார்கள்.

2023இல் டெல்லியில் ஜி20 அமைப்பின் நிரந்தர உறுப்பினராக ஆப்பிரிக்க ஒன்றியத்தை அமர வைத்தது இந்தியா. ஆப்பிரிக்காவுக்கு இருக்கை தந்த அரசு, அதன் சாசனம் சொல்லும் நீதிக்கும் காது கொடுக்க வேண்டும். நிகோபாரியர்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்ப வழி செய்யுங்கள். ஷோம்பென் காட்டுக்குள் ஒரு மரத்தையும் வெட்டாதீர்கள். பழங்குடியினர் கவுன்சில் திரும்பப் பெற்ற கடிதத்துக்கு மதிப்புக் கொடுத்து, அவர்கள் மொழியில் எல்லா விவரங்களையும் முன்வைத்து மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், திட்டத்தைக் கைவிடுங்கள்.