மண்ணின் உணவு எது?

மேற்கிந்தியத் தீவுகளுக்கு உல்லாசக் கப்பலில் சென்று மீண்டோர் பேச்சில் ஒரு மனக்குறை தவறாமல் தலைகாட்டும். ஐந்தாறு துறைமுகங்களில் இறங்கினோம். ஓரிடத்திலேனும் அந்த மண்ணுக்கே உரிய உணவு கிட்டவில்லை என்பர். குறை கூறுவோரை இருவகையாகப் பிரிக்கலாம். முதல் வகையினரை விரைவில் விட்டுவிடலாம். இரண்டாம் வகையினரோடுதான் நமக்கு வழக்கு.

முதல் வகையினர் தேடாமலே இல்லை என்பவர்கள். கப்பல் காலையில் அணையும், மாலையில் புறப்பட்டுவிடும். நண்பகல் உணவுக்கும் சேர்த்தே பயணக் கட்டணம் வாங்கப்பட்டிருப்பதால், ஊரில் காசு செலவிட மனமின்றி உண்ணும் வேளைக்குக் கப்பலுக்கே திரும்பிவிடுவர். அல்லது துறைமுக வாயிலில், அமெரிக்கப் பயணிகளின் நாவுக்கென்றே அமைந்த கடைகளில் ரொட்டித்துண்டும் பொரித்த உருளைக்கிழங்கும் தின்று அமைவர். ஹைத்தியின் வடகரையில் லபாடி என்னும் இடத்தைக் கப்பல் நிறுவனம் ஒன்று 1980களிலேயே குத்தகைக்கு எடுத்து வேலியிட்டது. 2010 சனவரியில் அந்நாட்டைப் பூகம்பம் சிதைத்த சில நாள்களுக்குள்ளேயே பயணிகள் அக்கரையில் இறங்கி நீந்தி மகிழ்ந்தனர். அதே கப்பல்கள் நிவாரணப் பொருள்களும் கொண்டுசென்றன என்பதையும் மறைக்கலாகாது. ஆயினும் வேலிக்குள் இருந்தவர் எவரும் ஹைத்தியின் உணவை உண்டதாகக் கூற முடியுமா?

இரண்டாம் வகையினர் வேலியைத் தாண்டுகின்றனர். திரினிடாடின் தெருவோரத்தில் ரொட்டியையும் கறியையும் கண்டதும் முகம் சுளித்து, "இது இந்தியாவிலிருந்து வந்த சரக்கு, இதை உண்ணவா இவ்வளவு தொலைவு வந்தோம்? உள்ளூர் உணவைக் காட்டுங்கள்" என்கின்றனர். இப்படிக் கேட்பவருள் தமிழரும் உளர் என்பதுதான் வேதனை.

அவர்கள் வேண்டும் தூய உள்ளூர் உணவு எது? யமைக்காவின் தேசிய உணவு ஆக்கீயும் உப்பிட்ட மீனும். ஆக்கீப் பழம் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. உப்பிட்ட மீன், வட அத்திலாந்திக்கில் பிடித்து உலர்த்தி, அடிமைகளுக்கு மலிவாகப் போடுவதற்கென்று கொண்டுவரப்பட்டது. ஈரப்பலாவை 1793இல் கப்பல் தலைவர் வில்லியம் பிளை தாகித்தியிலிருந்து கொணர்ந்தார். அதுவும் அடிமைகளின் பசிக்கு மலிவான தீனி வேண்டுமென்று தோட்ட முதலாளிகள் கேட்டதனால். கரும்புகூடக் கொலம்பசின் இரண்டாம் பயணத்தில் வந்ததே. மரவள்ளியும் மக்காச்சோளமும் மிளகாயும் அம்மண்ணின் ஆதிகுடிகளுடையவை என்பது மெய். ஆனால் அக்குடிகளையே ஐரோப்பியர் பெரும்பாலும் அழித்துவிட்டனர். தூய்மை கேட்பவர் மரவள்ளி அடையோடு கரையேற வேண்டியதுதான். ஆக்கீயை எவரும் அந்நிய உணவு என்பதில்லை. ரொட்டிக்கு மட்டும் ஏன் இந்தக் குடியுரிமைச் சோதனை?

ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதிகளில் 1834இலும் பிரெஞ்சுத் தீவுகளில் 1848இலும் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1845 மே 30ஆம் நாள் 'ஃபதெல் ரசாக்' என்னும் கப்பல் ஒப்பந்தக் கூலிகளைத் திரினிடாடில் இறக்கியது. 1917இல் அம்முறை நிறுத்தப்படும்வரை 140,000க்கு மேற்பட்டோர் அத்தீவுக்கு வந்தனர். அவர்களின் வழிவந்தோர் 1930களில் பிரின்சஸ் டவுன் என்னும் ஊரில் உருவாக்கியதே 'டபள்ஸ்'. மஞ்சள் கலந்த மாவைத் தட்டிப் பொரித்த மெல்லிய 'பாரா' இரண்டு. அவற்றின்மேல் மசாலையில் வெந்த கொண்டைக்கடலை. அதற்குமேல் மிளகாய்ச் சாறும், 'சாடோன் பேனி' என்று அவர்கள் வழங்கும் இலையின் துவையலும். அந்த இலை அமெரிக்க வெப்ப மண்டலத்துக்கே உரியது. காலையில் அலுவலகம் செல்வோர், எந்த இனத்தவராயினும், நின்றபடியே தாளில் வாங்கி உண்கின்றனர். கூலிகளை அனுப்பிய பீகாரிலும் அவத்திலும் இந்த உணவு பிறக்கவில்லை.

பிரெஞ்சுத் தீவுகளின் கதை நமக்கு இன்னும் அணுக்கமானது. 1853 முதல் மார்த்தினிக்குக்கு ஏறத்தாழ 25,000 பேரும், 1854 முதல் குவாதலூப்புக்கு 40,000க்கு மேற்பட்டோரும் சென்றனர். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர் அவர்களுள் மிகப் பலர். அங்கு இன்று சிறப்புணவாக விளங்குவது 'கொலம்போ'. மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள் ஆகியவற்றோடு வறுத்த அரிசியும் சேர்த்து அரைத்த பொடியில் ஆட்டிறைச்சியோ கோழியோ வேகிறது. பெயர் கொழும்பு நகரிலிருந்து வந்தது என்பர் சிலர். நம் 'குழம்பு'தான் என்பர் வேறு சிலர். இரண்டாவது நமக்கு இனிக்கிறது; இனிப்பதனாலேயே அது மெய்ப்பிக்கப்பட்டதாகாது. பாகற்காயை அங்குள்ள கிரியோல் மொழி 'பவோக்கா' என்கிறது. வீட்டில் தமிழ் பேசுவோர் அருகிவிட்டனர். ஆப்பிரிக்க வழிவந்த அன்னையும் கொலம்போவைத் தன் பாட்டியிடம் கற்றதாகவே சொல்லிச் சமைக்கிறாள். ஆகவே "இது எங்களுடையது" என்று மார்தட்டும் தமிழ்ப் பயணியும், "இது உள்ளூருடையதன்று" என்று ஒதுக்குபவரும் ஒரே தவற்றின் இருபுறங்களில் நிற்கின்றனர்.

இது நாவின் சுவை பற்றிய சிறு வழக்கன்று. குவாதலூப்பில் பிறந்த இந்திய வழித்தோன்றல்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டபோது, ஆன்றி சிதம்பரம் என்னும் பெருமகன் 1904இல் வழக்காடப் புகுந்தார். வெற்றி கிட்டியது 1923இல். அம்மண்ணில் பிறந்தவர் அம்மண்ணினர் என்று நிலைநாட்ட ஒரு மனிதரின் வாழ்வில் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன! காரைக்காலுக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவில் நாகப்பட்டினம். அங்கிருந்து புறப்பட்ட கப்பல்கள் நம் முன்னோரைப் பினாங்கில் இறக்கின. 'வந்தேறி' என்னும் சொல் எத்துணைக் கொடியது என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அதே சொல்லை ஒரு ரொட்டியின்மீது வீசிவிட்டு வருவது நமக்குத் தகுமா?

எட்டு மணி நேரத்தில் எங்கே போய்த் தேடுவது என்பது அடுத்த சாக்கு. ஃபோர்-து-பிரான்சு நகரின் இரும்புக் கூரைச் சந்தை 1901இல் கட்டப்பட்டது. துறையிலிருந்து நடந்தே செல்லலாம். மசாலைப் பொடி விற்பதும் பகலுணவு சமைப்பதும் ஒரே கூரையின்கீழ். செயிண்ட் லூசியாவின் காசுதிரீசு சந்தையிலும் அவ்வாறே சிற்றுணவுக் கடைகள் உண்டு. அங்கே வாழைக்காயும் உப்பிட்ட மீனும் கேட்கலாம். பார்படோசில் கப்பல் நிற்கும் நாள் சனிக்கிழமையாக அமைந்தால், அன்று அங்குள்ளோர் வழக்கமாக உண்ணும் பன்றியிறைச்சி ஊறலும் சர்க்கரைவள்ளிப் பிசைவும் கிடைக்கும். புலால் மறுப்போருக்கு யமைக்காவில் இரசுதபாரியர் சமைக்கும் 'ஐடல்' உணவு இருக்கிறது. எங்கே போவதென்று தெரியாவிட்டால், துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரிடம் அவர் பகலில் எங்கே உண்கிறார் என்று கேட்டால் போதும். அவர் கைகாட்டும் கடையில் கறியும் ரொட்டியும்தான் இருக்குமானால், அன்றைய உள்ளூர் உணவு அதுவே.