கோழியா ஆபத்து?

முதியோர் இல்லத்தில் கோழி வளர்க்கலாமா என்று யாராவது கேட்டால் போதும், "ஐயோ, கிருமி!" என்று ஒரு கூட்டம் கிளம்பிவிடும். கிருமி இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைக் காட்டிக் கோழியையே துரத்துவது சோம்பேறித்தனம் என்பதுதான் என் கட்சி.

இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட் என்று ஓர் ஊர். அங்கே மறதி நோய் வந்த ஒரு பெரியவர் ஏதேதோ பெண்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். விசாரித்தால், அவ்வளவும் அவர் முன்பு வளர்த்த கோழிகள்! அதிலிருந்து பிறந்ததுதான் ஈக்வல் ஆர்ட்ஸ் தொண்டு நிறுவனத்தின் 'ஹென்பவர்' திட்டம். தீனி வைப்பது, பராமரிப்பது எல்லாம் முதியவர்களே. பள்ளிக்கூடங்களுக்கும் கோழியைக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறார்கள். நார்தம்ப்ரியா பல்கலைக்கழகம் ஆராய்ந்து பார்த்து, தனிமையும் மனச்சோர்வும் குறைந்ததாகச் சொன்னது. (சின்ன ஆய்வுதான். ஆனால் நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார வைப்பதற்கு யாரும் ஆய்வு கேட்பதில்லையே!)

சரி, கிருமிக்கு வருவோம். பார்வைக்கு நன்றாக இருக்கும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கலாம். இறகிலும் காலிலும் ஒட்டி, நம் கை வழியாக வாய்க்குப் போகும். அமெரிக்காவில் 2020-இல் வீட்டுக் கோழி, வாத்துகளால் 1,722 பேருக்கு இந்தத் தொற்று வந்ததாகக் கணக்கு. 65 வயது தாண்டியவர்களை அது கடுமையாகவே தாக்கும். அதனால், கோழியைக் கன்னத்தோடு அணைத்த பாட்டியின் போட்டோவை விளம்பரத்துக்குப் போடுகிறவர்கள் மேலும் எனக்குக் கோபம்தான். மடியில் வைத்துத் தடவட்டும், முகத்தருகே வேண்டாம். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஞாபகம் தவறியவர்களுக்குப் பக்கத்தில் நின்று கழுவிவிட வேண்டும்.

விஷயமே இங்கேதான் இருக்கிறது. கழுவிவிட ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். காமர்ஸ் படிக்கிறவனுக்கு இந்தக் கணக்கு புரியாதா? 'பாதுகாப்பு கருதி அனுமதி இல்லை' என்று நோட்டீஸ் ஒட்டப் பைசா செலவில்லை!

முட்டையை யாரும் பேசுவதே இல்லை. பிரிட்டனில் லயன் முத்திரை போட்ட முட்டையை அரைவேக்காடாக முதியவர்களும் சாப்பிடலாம் என்று 2017-இல் சொல்லிவிட்டார்கள். காரணம், அந்தக் கோழிகளுக்குத் தடுப்பூசி உண்டு. தோட்டத்துக் கோழி முட்டைக்கு அந்தச் சலுகை கிடையாது, நன்றாக வெந்தே ஆகவேண்டும்.

அடுத்து பறவைக் காய்ச்சல். 2022 நவம்பர் 7 முதல் 2023 ஏப்ரல் 18 வரை இங்கிலாந்து முழுக்கக் கோழிகளை அடைத்தே வைக்கச் சொல்லி உத்தரவு. 2024 அக்டோபர் 1 முதல் அங்கே ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். கூரையும் வலையும் போட்ட கூண்டு கட்ட மனமில்லாத இல்லம் கோழி வாங்கவே கூடாது. கட்டிய இல்லத்தில், வேண்டாம் என்று சொல்லும் உரிமை அங்கே வசிக்கும் பெரியவர்களுக்குத்தான், ஆபீஸ் ரூமில் உட்கார்ந்திருக்கிற மேனேஜருக்கு இல்லை.