பயிற்சியாளர் போகலாம், மாணவர் போகக்கூடாதா?

2024 ஜூன் 24 இரவு, அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் இறுதிச்சுற்றில் டென்னசியிடம் டெக்சஸ் ஏ அண்ட் எம் தோற்றது. மறுநாளே அதன் பயிற்சியாளர் ஜிம் ஷ்லாஸ்நேகல், பரம வைரியான டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவரை யாரும் ஓராண்டு சும்மா உட்காரச் சொல்லவில்லை. ஆனால் 2021இல் விதி தளரும்வரை, முதல் பிரிவுக் கல்லூரிகளுக்கிடையே மாறும் பேஸ்பால் மாணவர் பொதுவாக ஒரு பருவம் ஆடாமல் காத்திருக்க வேண்டியிருந்தது. மாநிலங்கள் நீதிமன்றம் போன பிறகு, 2024 ஏப்ரலில், படிப்பில் குறையில்லாவிட்டால் எத்தனை முறையும் மாறலாம் என்று கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ இறங்கிவந்தது. சரியான முடிவுதான். அண்மைவரை ஓர் அணிக்கு 11.7 முழு உதவித்தொகையே உச்சவரம்பு. அதையும் துண்டுபோட்டுப் பங்கிட்டார்கள். மிச்சக் கட்டணத்தைப் பெற்றோர் தலையில் கட்டிவிட்டு விசுவாசம் கேட்பது என்ன நியாயம்?

சிறிய அணிகள் வளர்த்த ஆட்டக்காரரைப் பெரிய அணிகள் கொத்திக்கொண்டு போகின்றன என்பார்கள். உண்மைதான். விமானப்படை அகாடமியிலிருந்து லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு (எல்எஸ்யூ) வந்த பால் ஸ்கீன்ஸ் 2023இல் அந்த அணியோடு சாம்பியன் பட்டம் வென்றார், தொழில்முறை அணிகளின் ஆட்டக்காரர் தேர்வில் முதல் ஆளானார். அந்த இழப்புக்கு மாணவரைக் கட்டிப்போடுவது மருந்தல்ல. படிப்பு கெடும் என்ற கவலைதான் கனமானது: பழைய பாடங்களைப் புதிய கல்லூரி ஏற்காவிட்டால் பட்டம் தள்ளிப்போகும். மூன்றாம் ஆண்டு தொடங்குமுன் பட்டப்படிப்பில் 40 சதவீதம் முடித்திருக்க வேண்டும் என்ற விதி அதற்கென்றே இருக்கிறது. இறுக்குவதானால் அதை இறுக்கட்டும்.